காட்டில் வைத்த பெயர்

லிங்கராஜபுரம்,
பெங்களூர்.
24.3.1995

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம், பாப்பா நலம். உங்கள் நலத்தை விசாரிக்கலாமா என்றே எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிறு பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஹட்சின்ஸ் ரோட்டு பூத்துக்குப் போய் உங்கள் நியூ ஜெர்ஸி அறைக்குப் போன் போட்டேன். உங்களோடு தங்கியிருக்கும் வெங்கடசுப்ரமணியன்தான் எடுத்தார். "சிவா காட்டுக்குப் போயிருக்கார்ங்க" என்றார். காட்டுக்குப் போவது என்றால் நம் ஜனங்களுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். "சரிங்க, வரட்டும், பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன். மறுபடி போட்டபோது பாவம், அவருக்கே கூச்சம். "அந்தக் காடு இல்லீங்க. நெஜக் காடு. ஜார்ஜியாவுல ஆரம்பிச்சு வடக்கப் பாத்து நடக்கறார். ஜூன் வரைக்கும் நடப்பாராம்" என்றார். பூத்துக்காரர் பில்லை நீட்டிக்கொண்டு நிற்கிறார், நான் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறேன்.

செவ்வாய்க்கிழமை உங்கள் கடிதம் வந்தது. மூன்று தரம் படித்தேன். ப்ராஜெக்ட் பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. அடுத்தது ஜூனில்தான். அதுவரை ஊருக்குப் போய் வா, டிக்கெட் தருகிறோம் என்று கம்பெனி சொன்னது. நீங்கள் வேண்டாம் என்றீர்கள். ஒரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு மலையேறப் போய்விட்டீர்கள். எல்லாம் உங்கள் கையெழுத்தில், வரி பிசகாமல் இருக்கிறது. 'ஏன்' என்று மட்டும் எங்கேயும் இல்லை.

அக்டோபரில் நீங்கள் விமானம் ஏறும்போது எனக்கு ஏழு மாதம். டிசம்பரில் இவள் பிறந்தாள். இவளை நீங்கள் பார்த்தது இரண்டு போட்டோவில். முதல் பிள்ளையை ஒன்பதாம் நாள் பறிகொடுத்தவர்கள் நாம். அதைப் பற்றி நாம் பேசுவதில்லை, இப்போதும் பேசப் போவதில்லை. ஆனால் அப்படிப்பட்ட வீட்டில் இரண்டாவது பிள்ளை பிறந்து, மூச்சு விடுகிறதா என்று நான் மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, டிக்கெட்டை வேண்டாம் என்று சொல்ல ஒரு மனிதருக்கு எப்படி வாய் வரும்?

காந்தா அக்கா காக்ஸ் டவுனிலிருந்து வந்து கடிதத்தைப் படித்தார். "என் தம்பியா? மார்க்கெட்டுக்குப் போகவே ஸ்கூட்டர் சாவி தேடுவானே. நடக்கறானாமா?" என்றார். கீழ் வீட்டு ஃபாத்திமா பீ இன்னும் மேலே. "அரே, நடந்து எங்க போறாரும்மா உங்க சாஹேபு? ஹஜ்ஜுக்கே இப்போ பிளைட்லதான் போறாங்க." சிரிக்கத்தான் செய்தேன். அவர் கீழே இறங்கிப் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

இன்னொன்று. பாப்பாவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பதினோராம் நாள் தொட்டிலில் மட்டும் போட்டோம். பெயரை அப்பாதான் காதில் சொல்ல வேண்டும், தம்பி வரட்டும் என்று அக்கா நிறுத்திவைத்தார். நானும் சரி என்றேன். தடுப்பூசி அட்டையில் 'பேபி ஆஃப் சௌம்யா' என்று இருக்கிறது. நர்ஸ் ஒவ்வொரு தடவையும் பெயர் எழுதும் இடத்தைத் தொட்டுக் காட்டி, "இன்னூ ஹெசரு இட்டில்வா?" என்று கேட்கிறாள். அப்பா ஃபாரின் என்று சொல்லித் தப்பிக்கிறேன். அடுத்த மாதம் என்ன சொல்ல? அப்பா நடந்து வருகிறார் என்றா?

நீங்கள் எழுதியபடி ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரின் தபால் நிலையத்துக்கு இதை அனுப்புகிறேன். உறையின் மேல் 'நடைப்பயணி வரும்வரை வைத்திருக்கவும்' என்று எழுதச் சொல்லியிருந்தீர்கள். எழுதிவிட்டேன். எங்கள் தபாலாபீஸ் கிளார்க் அதைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

உங்கள்,
சௌம்யா

*

ஹாட் ஸ்பிரிங்ஸ்,
வட கரோலினா.
6.4.1995

அன்புள்ள சௌம்யா,

உன் கடிதம் எனக்கு முன்னால் வந்து காத்திருந்தது. தபால் நிலையத்து அம்மாள் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இந்தியாவிலிருந்து இந்த ஊருக்கு வந்த முதல் கடிதம் இதுதான் என்று நினைக்கிறேன்" என்று இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். நீ கேட்பதெல்லாம் நியாயம்தான்.

பயப்படாதே. நான் தனியாக இல்லை. இங்கே வசந்தம் தொடங்கும்போது தெற்கிலிருந்து வடக்கே நடக்க நிறையப் பேர் வருகிறார்கள். பாதையில் மரத்துக்கு மரம் வெள்ளைப் பட்டை அடித்திருக்கிறது. அதைப் பார்த்து நடக்க வேண்டியதுதான், யோசிக்கவே வேண்டாம். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் ரொட்டியில் கடலை விழுது, இரவு நூடுல்ஸ். அக்கா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடியை ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்து நூடுல்ஸ் மேல் தூவிக்கொள்கிறேன். மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் வெட்டவெளியுமாக மரக் கொட்டகைகள் உண்டு. அதில் வரிசையாகப் படுக்கிறோம். எலிகள் எங்கள் மேல் ஓடும். சாப்பாட்டுப் பையைக் கரடிக்கு எட்டாமல் கிளையில் கயிறு போட்டுத் தொங்கவிட வேண்டும். முதல் நாள் நான் எறிந்த கல் கயிற்றோடு திரும்பி வந்து என் தலையிலேயே விழுந்தது. பையின் கனத்தைக் குறைக்க எல்லோரும் பல் துலக்கும் பிரஷ்ஷைப் பாதியாக வெட்டிக்கொள்கிறார்கள். நானும் வெட்டினேன். குதிகாலில் கொப்புளம் வந்து உடைந்து இப்போது தோல் தடித்துவிட்டது.

மலை மேல் இன்னும் பனி. கீழே இறங்கினால் தரையெல்லாம் பூ. மூன்று இலை, மூன்று இதழ், வெள்ளை. நீ பாட்டனி படித்தவள், பெயர் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு வழக்கம். யாரும் சொந்தப் பெயரில் நடப்பதில்லை. கூட நடப்பவர்கள் ஒரு பெயர் வைப்பார்கள், காடு முழுக்க அதுதான் பெயர். என்னோடு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வருகிறார். முழங்கால் வலியால் இறக்கத்தில் மெதுவாக வருவார், அதனால் அவர் 'பிரேக்ஸ்'. எனக்கும் வைத்துவிட்டார்கள். ஒருநாள் பனி கொட்டி, பதினைந்து பேர் ஒரே கொட்டகையில் நெருக்கியடித்துப் படுத்தோம். தூக்கத்தில் நான் பேசினேனாம். காலையில் பிரேக்ஸ், "ஏம்பா, உன் அப்பா உயிரோடு இருக்கிறாரா?" என்று பரிவோடு கேட்டார். ஏன் என்றேன். "ராத்திரியெல்லாம் பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டாயே" என்றார்.

அவர்கள் பாஷையில் அது அப்பா. அன்றிலிருந்து நான் 'பாப்பா'. தாடி வேறு வளர்ந்துவிட்டதால் பெயர் பொருந்துகிறது என்கிறார்கள். உனக்குச் சிரிப்பு வரும் என்று எழுதுகிறேன்.

மே முதல் வாரம் பியரிஸ்பர்க்கில் இருப்பேன். அங்கே எழுது. ஜூனைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
சிவசங்கரன்

*

லிங்கராஜபுரம்,
19.4.1995

அன்புள்ள உங்களுக்கு,

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே நாலு மாதப் பிள்ளை பெயரில்லாமல் கிடக்கிறாள். அங்கே முப்பத்திரண்டு வயது ஆளுக்கு இரண்டாவது பெயர் வைத்திருக்கிறார்கள். அதுவும் இவளைக் கூப்பிடுகிற பெயர். படித்ததும் எனக்குக் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஃபாத்திமா பீ ஏதோ கேட்டுக்கொண்டே நின்றார், ஒன்றும் விழவில்லை.

கொட்டகை, எலி, கரடி எல்லாம் எழுதினீர்கள். பஸ் டிரைவரின் முழங்கால் எழுதினீர்கள். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி கேட்டீர்களா? திருப்பித் திருப்பித் தேடினேன். இல்லை. 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்பதை எனக்கா அவளுக்கா என்று யோசித்து, எங்கள் இருவருக்கும் என்று நானே வைத்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். போன வாரம் ஊசி போட்டு வந்த அன்று பாப்பாவுக்குக் காய்ச்சல். ஊசிக் காய்ச்சல்தான், விட்டுவிடும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு எதுவும் ஏறவில்லை. மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஃபாத்திமா பீ மேலே வந்து, "குடும்மா, நீ போய் மூஞ்சி கழுவு. உன்னப் பாத்துத்தான் கொழந்த பயப்படுது" என்று பிடுங்கிக்கொண்டார். காலையில் காய்ச்சல் இல்லை. பாப்பா தானாகவே குப்புறக் கவிழ்ந்து, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். இதையெல்லாம் எத்தனை நாள் நான் ஒருத்தியே பார்ப்பேன்?

அந்த மூன்று இதழ்ப் பூவின் பெயர் எனக்கும் தெரியாது. எங்கள் பாடத்தில் இல்லை.

அக்கா வைகாசியில் நாள் பார்த்திருக்கிறார். மே பதினைந்து, திங்கட்கிழமை. நீங்கள் வந்தாக வேண்டும் என்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்கிறேன். இவள் மேல் உங்களுக்கு என்ன கோபம்? என் மேல் என்றால் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன். அந்த ஊரில் வேறு யாராவது இருக்கிறார்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அக்கா வாய்விட்டுக் கேட்கவில்லை, கண்ணால் கேட்கிறார். தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தின்கிறது.

தூக்கத்தில் பாப்பா என்று கூப்பிட்டீர்களே, முழித்திருக்கும்போது ஒரு தடவை கூப்பிட்டால் என்ன?

உங்கள்,
சௌம்யா

*

பியரிஸ்பர்க்,
வர்ஜீனியா.
4.5.1995

சௌம்யா,

வேறு யாரும் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் இந்த ஊரிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிரேக்ஸ் எனக்காக நிற்கிறார். என்னவென்று கேட்கவில்லை. கேட்காத மனிதரோடு இருப்பது சுலபமாக இருக்கிறது. நீ கேட்கிறாய். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

தொண்ணூற்று மூன்று பிப்ரவரியில், ஒன்பதாம் நாள். நீ தையல் பிரித்த புண் ஆறாமல் வார்டில் இருந்தாய். அத்தான் கார் கொண்டுவந்து அதில் பிள்ளையை எடுத்துப் போனோம் என்று உனக்குச் சொன்னோம். கார் வந்தது நிஜம். நான் ஏறவில்லை. அவளை மடியில் வைத்துக்கொண்டு காரில் சாய்ந்து உட்கார என்னால் முடியும் என்று தோன்றவில்லை. அக்காவையும் அத்தானையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு நடந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து கல்பள்ளி மயானம் வரைக்கும், நான் மட்டும்.

துணியில் சுற்றித் தோளில் சாய்த்துத்தான் கொண்டுபோனேன். பார்ப்பவர்களுக்குத் தூங்குகிற பிள்ளையாகத் தெரிந்திருக்கும். வழியில் ஒரு பூக்காரி, "வெயிலு அடிக்குது பாரு, கொழந்த தலைய மூடிக்கினு போ சார்" என்றாள். மூடினேன். நிழல் இருக்கிற பக்கமாகவே நடந்தேன். ஒரு பஸ் ஹாரன் அடித்தபோது அவள் காதைப் பொத்தினேன். அந்தத் தூரம் முழுக்க நான் அவளுக்கு அப்பாவாக இருந்தேன் சௌம்யா. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

அங்கே இருந்தவர், "பேரு இன்னா சார்?" என்று கேட்டார். "பாப்பா" என்றேன். "அது எல்லாப் புள்ளைக்கும்தான் சார். பேரு சொல்லு." நான் மறுபடியும் "பாப்பா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செரி சார், பாப்பா" என்று மண்வெட்டியை எடுத்தார்.

டிசம்பரில் அக்கா போனில் "பாப்பா பொறந்திருக்கா" என்று சொன்னபோது எனக்கு என்ன நடந்தது என்று எப்படி எழுதுவது? அதற்குப் பிறகு உன் கடிதம் ஒவ்வொன்றிலும் பாப்பா சிரித்தாள், பாப்பா பால் கக்கினாள், பாப்பா கவிழ்ந்தாள். நான் மூடிவிட்டு வந்தவள் கவிழ்கிறாள் என்று நீ எழுதுகிற மாதிரி இருக்கிறது. போட்டோவைப் பார்க்க முடியவில்லை. பையின் அடியில் இருக்கிறது, தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.

அந்தக் கொட்டகையில் நான் கூப்பிட்டது இவளை இல்லை.

இப்போது இங்கே இருப்பவர்கள் எல்லோரும் என்னை அந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள். ஆற்றங்கரையில், அடுப்பு மூட்டும்போது, பின்னாலிருந்து சத்தமாக. முதலில் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது. இப்போது திரும்பிப் பார்த்து, என்ன என்று கேட்க முடிகிறது. இதற்காகத்தான் நடக்கிறேனோ என்னவோ. எனக்கே சரியாகத் தெரியாததை உனக்கு எப்படி விளக்குவது?

மே பதினைந்துக்கு வர மாட்டேன். ஜூனில் வருவேனா என்று வாக்குக் கொடுக்கத் தைரியமில்லை. எனக்காக அவளைக் காக்கவைக்காதே. ஒரு பெயர் வை. பாப்பா என்று மட்டும் கூப்பிடாதே, அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள். வைத்த பெயரை எனக்கு எழுது. ஜூன் முதல் வாரம் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்ற ஊரில் இருப்பேன். ஒரு பெயர் கையில் இருந்தால் அந்தப் போட்டோவை எடுத்துப் பார்ப்பேன் என்று நினைக்கிறேன்.

சிவசங்கரன்

*

லிங்கராஜபுரம்,
18.5.1995

அன்புள்ள உங்களுக்கு,

உட்கார்ந்து படிக்கச் சொல்லியிருந்தீர்கள். நான் அடுப்படியில் நின்றபடி படித்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து, கேஸ் நாற்றம் கீழ் வீடு வரை போய், ஃபாத்திமா பீ ஓடிவந்து சிலிண்டரை மூடினார். "ஏம்மா, ஊட்டையே கொளுத்தப் பாத்தியா?" என்றார். என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு மேலே ஒன்றும் கேட்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

மறுநாள் பிள்ளையை எடுத்துக்கொண்டு காக்ஸ் டவுனுக்குப் போனேன். அக்காவிடம், "அவர் நடந்தா போனார்?" என்று கேட்டேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. "யாரு சொன்னது?" என்றார். பிறகு, "கூட வரேன்னு எவ்வளவோ சொன்னேன்டி. கிட்ட வந்தா கத்திடுவேன்னான். நாங்க வண்டிய மெதுவா பின்னாலேயே ஓட்டிக்கிட்டுப் போனோம். அவனுக்குத் தெரியாது" என்றார். இரண்டு வருடமாக அவரும் சொல்லவில்லை, அத்தானும் சொல்லவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து என் பிள்ளையை எனக்குத் தெரியாமல் கொண்டுபோயிருக்கிறீர்கள்.

எனக்கு உங்கள் மேல் இரக்கம் வருகிறது. அதைவிடக் கோபம் வருகிறது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன். நீங்கள் நிழல் பார்த்து நடந்த அந்த நேரத்தில் எனக்குப் பால் கட்டி ஜாக்கெட் நனைந்துகொண்டிருந்தது. குடிக்க ஆள் இல்லை என்று உடம்புக்குத் தெரியவில்லை. நான் அதை யாரிடம் சொன்னேன்? நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று உங்களிடம் அவள் பேச்சையே எடுக்கவில்லை. நீங்கள் நான் உடைந்துபோவேன் என்று எடுக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு வருடம் இப்படி இருந்திருக்கிறோம். நினைத்தால் திகைப்பாக இருக்கிறது.

நீங்கள் ஒன்று தெரியாமல் செய்திருக்கிறீர்கள். பெயர் கேட்டபோது சொன்னீர்கள். அப்பா வாயால் இரண்டு தரம் சொன்னீர்கள், கேட்டவரும் சரி என்று ஒப்புக்கொண்டு திருப்பிச் சொன்னார். அதற்கு மேல் பெயர் வைப்பது என்றால் என்ன? என் பெரிய பெண் பெயரில்லாமல் போனாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவள் பெயர் பாப்பா. அது அவளுடையது, இனி இவளை அப்படிக் கூப்பிட மாட்டேன். உங்கள் பஸ் டிரைவரிடமும் சொல்லுங்கள், அவர்கள் கூப்பிடுவது யாருடைய பெயர் என்று.

பதினைந்தாம் தேதி நாள் தள்ளவில்லை. அப்பா இல்லையென்றால் மாமன் முறை வேண்டும், அத்தான் இருக்கிறார், அவர் சொல்லட்டும் என்றார் அக்கா. நானே சொல்கிறேன் என்றேன். "பெத்தவ சொல்ற வழக்கம் எங்கயும் இல்லடி" என்றார். "இந்த வீட்டுல இனிமே உண்டு, அக்கா" என்றேன். கொஞ்ச நேரம் முறைத்தார். அப்புறம் அவரே வெற்றிலையை எடுத்துக் காதை மறைத்துப் பிடித்தார். மூன்று தரம் சொன்னேன். அவள் என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். ஃபாத்திமா பீ கீழிருந்து ஷீர் குருமா பாயசம் கொண்டுவந்து, அந்தப் பெயரைத் தன் வாய்க்கு வருகிற மாதிரி திருத்தி, அதுதான் சரியான பெயர் என்று சாதிக்கிறார். நேற்றுத் தடுப்பூசி அட்டையில் நர்ஸ் பழையதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்.

அந்தப் பெயரை உங்களுக்கு எழுதச் சொன்னீர்கள். எழுத மாட்டேன்.

இது பழிவாங்க இல்லை. காகிதத்தில் எழுதி அனுப்பினால் அதையும் பையின் அடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடப்பீர்கள். தூக்கிக்கொண்டு நடப்பது உங்களுக்கு நன்றாக வருகிறது. இவள் உயிரோடு இருக்கிறாள். கனமாக இருக்கிறாள், இறக்கிவிடு என்று உதைக்கிறாள்.

இனி எந்த ஊர்த் தபால் நிலையத்துக்கும் நான் எழுதப் போவதில்லை. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியிலிருந்து வடக்கே நடப்பதானால் நடந்துகொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. என்ன பதில் வரும் என்று தபால்காரர் வரும் வழியைப் பார்த்து நிற்கவும் மாட்டேன்.

வருவதானால் சொல்லிக்கொண்டு வர வேண்டாம். சாயங்காலமாக வாருங்கள். அந்த நேரத்தில் ஃபாத்திமா பீ கீழே இருந்தும் நான் மேலே இருந்தும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்போம். தெருமுனையில் நின்றாலே காதில் விழும்.

சௌம்யா